புத்தகத்தை எரித்தேன், படத்தை அப்புறம்தான் பார்த்தேன்

2019 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் வைத்து, என் மகன் ஆசை ஆசையாகப் படித்துக்கொண்டிருந்த ஏழு ஹாரி பாட்டர் புத்தகங்களையும் எரித்தேன். மந்திரப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு பையனின் கதை அது. அவனுக்கு அப்போது 12 வயது. ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவில் இருந்தான். இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. போன மாதம் எங்கள் சபையில் இரண்டு தாய்மார்கள் தனித்தனியாக என்னிடம் வந்து, பிள்ளைகள் மந்திரப் படங்களாகப் பார்க்கிறார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று கலங்கினார்கள். ஒருத்தி கையில் இருந்த போனில், அன்றைக்கு எனக்கு வந்த அதே செய்தி, எழுத்து மாறாமல் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தடித்த புத்தகம் சீக்கிரத்தில் எரியாது. சிரட்டையும் காய்ந்த ஓலையும் போட்டுப் பற்றவைத்தேன். அட்டை மட்டும் சுருண்டு பசை நாற்றம் அடித்ததே தவிர, உள்ளே தாள் வெள்ளையாகவே இருந்தது. ஐந்தாவது புத்தகம் 700 பக்கத்துக்கு மேல். குத்தவைத்து உட்கார்ந்து பத்துப் பத்துப் பக்கமாகக் கிழித்துப் போட வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆனது. ஓரம் கருகிய தாள்கள் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியில் ஒட்டிக்கொண்டன. மகன் பின்வாசல் நிலையைப் பிடித்தபடி தங்கச்சியோடு நின்றான். அழவில்லை. நான் இன்னொரு புத்தகத்தைத் தூக்கி நெருப்பில் வைத்ததும், "எம்மா, அது ஸ்கூல் லைப்ரரி புக்கு" என்று மட்டும் சொன்னான். அவனுடைய மூன்றாவது புத்தகத்தைச் சித்தி மகன் வாங்கிப் போயிருந்ததால், லீவுக்குப் பள்ளி நூலகத்தில் அதையே எடுத்து வைத்திருந்தானாம். அவன் சொல்லி முடிப்பதற்குள் அட்டையில் தீப்பிடித்துவிட்டது.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் தோஹாவில் வேலை பார்க்கிறார். 2018 கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது, அவரும் மகனும் லேப்டாப்பில் முதல் இரண்டு படத்தைச் சேர்ந்து பார்த்தார்கள். அந்த ஜோரில் புத்தக செட்டை 2,850 ரூபாய்க்கு வாங்கினார்கள். அதில் 1,200 ரூபாய் மகன் சேர்த்து வைத்தது, பைபிள் வசனப் போட்டியில் பரிசு வாங்கியதும், கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் கையில் வைத்துவிட்டுப் போனதும். நான் எதையும் கவனிக்கவில்லை. பிள்ளை கையில் போன் இல்லாமல் புத்தகம் இருக்கிறதே என்று சந்தோஷம்தான்.

ஏப்ரலில் எங்கள் ஜெபக்குழுவில் அந்தச் செய்தி வந்தது. ஹாரி பாட்டர் வந்த பிறகு லட்சக்கணக்கான பிள்ளைகள் சாத்தானை வணங்கப் போய்விட்டார்கள் என்றும், பெயர் சொல்லி இன்ன பிள்ளை இப்படிச் சொன்னது என்றும், எழுத்தாளரே ஒப்புக்கொண்டார் என்றும் வரிசையாக இருந்தது. கூடவே போலந்து நாட்டில் குருவானவர்களே அந்தப் புத்தகங்களை எரிக்கிற போட்டோ. படித்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆறு மாதம் கழித்து, ராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்து, அந்தச் செய்தியின் ஒவ்வொரு வரியையும் தேடிப் பார்த்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாத்தான் கணக்கும், பிள்ளைகள் பேசியதாக இருந்ததும், எழுத்தாளர் சொன்னதாக இருந்ததும், 2000 ஜூலையில் தி ஆனியன் என்ற அமெரிக்க நையாண்டிப் பத்திரிகை சிரிப்புக்காக இட்டுக்கட்டி எழுதியது. யாரோ அதை நிஜம் என்று நம்பி ஈமெயிலில் அனுப்ப, அது கைமாறிக் கைமாறி, கடைசியில் தமிழாகி என் போனுக்கு வந்திருக்கிறது. போலந்து போட்டோ மட்டும் உண்மை. 2019 மார்ச் கடைசியில் க்டான்ஸ்க் நகரத்தில் நடந்தது. ஆனால் அந்தக் குருவானவர் சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டார். நான் எரித்தபோது அந்த மன்னிப்பு வெளியாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதை யாரும் எனக்கு அனுப்பவில்லை.

அதனால் என்னிடம் வந்த இரண்டு தாய்மார்களிடமும் முதலில் சொன்னது இதுதான்: செய்தி வந்த அன்றைக்கே எதையும் செய்யாதீர்கள். ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அதில் இருக்கிற ஒரு வரியை எடுத்து ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். ஆங்கிலம் வராவிட்டால் காலேஜில் படிக்கிற பிள்ளை யாரிடமாவது கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எரிக்கச் சொன்னது ஜெபக்குழுவுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு அக்கா. பைபிளில் அப்போஸ்தலர் 19-ம் அதிகாரம் வாசித்தார். எபேசுவில் மாயவித்தைக்காரர்கள் தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கு முன்பாகவும் சுட்டெரித்த பகுதி. கிரயம் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்று இருக்கும். "அவ்வளவு விலையுள்ளதையே எரிச்சாங்க, நீங்க மூவாயிரம் ரூபாய்க்கு யோசிக்கீங்களா" என்று கேட்டார். எனக்கு நெஞ்சில் அடித்ததுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து தீப்பெட்டியைத்தான் தேடினேன். அந்த வசனத்தைப் பிறகு எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அங்கே எரித்தவர்கள், அந்த வித்தையைத் தாங்களே செய்துவந்தவர்கள். மனம் மாறி, தங்கள் சொந்தப் புத்தகத்தைத் தங்கள் கையாலேயே கொண்டுவந்தார்கள். நான் எரித்தது இன்னொருவனுடைய பொருள். அவன் போட்டியில் வசனம் சொல்லி வாங்கிய காசு அதில் இருந்தது. என் மகனாகவே இருந்தாலும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துப் பீரோவில் பூட்டி வையுங்கள். பூட்டியதைத் திறக்கலாம்.

எரித்ததோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னைத் தின்றது. அந்த அக்கா வீட்டுக்கு வந்து ஜெபிக்கும்போது, மகன் காதில் விழும்படியே, பிள்ளைக்குள் ஒரு மந்திர ஆவி புகுந்திருக்கிறது, அதனால்தான் அழாமல் முறைத்துக்கொண்டு நிற்கிறான் என்றார். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பினான். "எம்மா, எனக்குள்ள இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கே தெரியாது, பயந்துபோய் இருந்தேன். "ஜெபம் பண்ணிட்டுப் படுய்யா" என்றேன். என் வாழ்க்கையில் திரும்ப வாங்கிக்கொள்ள நினைக்கிற வார்த்தை ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

அதிலிருந்து லைட்டை அணைக்க விடமாட்டான். கண்ணாடி பார்க்கமாட்டான். சோறு இறங்கவில்லை. இதெல்லாம் சேர்ந்து ஆவி இருப்பதற்கு அடையாளம் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். வாடகைக் கார் பிடித்து, மூன்று மணி நேரம் தள்ளியிருக்கிற ஒரு ஜெப வீட்டுக்கு நான்கு தடவை கூட்டிப்போனேன். உபவாசம் என்று பிள்ளையும் காலையிலிருந்து சாப்பிடக் கூடாது. எண்ணெய் பூசி, தலையைப் பிடித்து அழுத்தி, நாலைந்து பேர் சுற்றி நின்று சத்தமாகக் கட்டளையிடுவார்கள். மூன்றாவது தடவை, வெயிலும் பசியுமாக இருந்தவன் மயங்கி விழுந்தான். "போயிற்று" என்று எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். காரில் திரும்பும்போது என் மடியில் படுத்துக்கொண்டு, "போயிட்டாம்மா? அப்ப இவ்வளவு நாள் இருந்துச்சா?" என்றான்.

இதையெல்லாம் தோஹாவுக்குச் சொல்லவில்லை. அத்தான் போனில் கேட்டால், பிள்ளை படிக்கிறான், தூங்கிவிட்டான் என்று சமாளித்தேன். அவர்தானே படத்தைக் காட்டினார் என்ற கோபம் ஒருபக்கம், தெரிந்தால் திட்டுவார் என்ற பயம் இன்னொரு பக்கம். ஐந்து மாதம் ஒருத்தியாகச் சுமந்தேன். பாதிக் கஷ்டம் அதனால்தான். வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரரை எதற்குக் கவலைப்படுத்த என்று நினைக்கிற அக்கா தங்கச்சிகள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளை விஷயத்தில் மறைக்காதீர்கள்.

செலவை எழுதிவிடுகிறேன், அப்போதுதான் எப்படிப் போகும் என்று தெரியும். புத்தக செட் 2,850. பள்ளி நூலகத்துக்குக் கட்டியது 600. கார் ஒரு தடவைக்கு 2,600, நான்கு தடவைக்கு 10,400. ஜெப வீட்டில் வைத்த காணிக்கை 5,000. அங்கேயே மாதம் 1,000 ரூபாய் பங்காளர் திட்டம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள், ஆறு மாதம் கட்டினேன், 6,000. பிறகு மனநல ஆலோசகரிடம் ஆறு தடவை, 3,000. மொத்தம் 27,850 ரூபாய். பள்ளிக்கூடம் 11 நாள் வீணாய்ப் போனது. காணிக்கை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் கொடுக்கிறேன். பயத்தில் கை நடுங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் மாதாமாதம் கட்டுகிற எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

செப்டம்பரில் அவனுடைய வகுப்பு டீச்சர் போன் செய்தார். பையன் வகுப்பில் தூங்குகிறான், ஒரு மாதிரி இருக்கிறான், குழந்தைகளுக்கான மன ஆலோசகர் ஒருவரிடம் காட்டுங்கள் என்று நம்பரும் கொடுத்தார். அந்த ஆலோசகர் முதல் நாளே என்னை வெளியே உட்காரவைத்து அவனோடு முக்கால் மணி நேரம் பேசினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "படத்தில் வந்த எதுவும் அவனைப் பயமுறுத்தவில்லை. தனக்குள் ஏதோ இருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னதுதான் பயமுறுத்துகிறது" என்றார். ஒரு பிள்ளையிடம் இந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது. வேறு யாரும் சொல்லவும் விடக்கூடாது. வயதில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எவ்வளவு நன்றாக ஜெபிக்கிறவராக இருந்தாலும் சரி.

அந்த வாரமே எங்கள் சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்போம், வீட்டு ஜெபத்துக்கு வந்தார். அவரிடம் முன்னாலேயே போகாததற்குக் காரணம், எங்கள் சபை ஐயருக்கு இதெல்லாம் தெரியாது, அனல் பத்தாது என்று குழுவில் பேசிக்கொள்வார்கள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படத்தை நீங்க பார்த்தீங்களாம்மா?" என்றார். இல்லை ஐயா என்றேன். "புத்தகம்?" அதுவும் இல்லை. நீதிமொழிகள் 18:13-ஐ எடுத்து வாசிக்கச் சொன்னார். "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகன் தலையில் கை வைத்துச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். அவனை ஒரு பிள்ளையாகப் பார்த்து, கிரிக்கெட் எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டுக் காபி குடித்துப் போனார். அன்று ராத்திரிதான் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

காலாண்டு லீவில் படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். எட்டுப் படம், சுமார் 20 மணி நேரம். முதல் படமே இரண்டரை மணி நேரம். பக்கத்தில் பைபிளும் ஒரு நாற்பது பக்க நோட்டும். எனக்கு எது தப்பாகப் படுகிறதோ அதை ஒரு பக்கம், எது நல்லதாகப் படுகிறதோ அதை எதிர்ப் பக்கம் எழுதினேன். முதலில் தனியாகத்தான் பார்த்தேன். எந்தப் படமானாலும் இப்படி முதலில் தனியாகப் பார்ப்பதும், அப்புறம் பிள்ளையோடு பார்ப்பதும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது, நடுவில் ஒரு தடவை தவறியது தவிர.

தப்பு என்று எழுதிய பக்கம் காலியாக இல்லை. பயந்தது முழுக்க வீண் என்று நான் சொல்லவரவில்லை. மூன்றாவது படத்தில் குறிசொல்ல ஒரு வகுப்பே இருக்கிறது, தேயிலைச் சக்கையையும் கண்ணாடி உருண்டையையும் பார்த்துச் சொல்வது. பிள்ளைகளில் புத்திசாலியான பெண் அது சுத்தப் பொய் என்று எழுந்து போய்விடுகிறாள், ஆனால் கதையில் ஒரு தீர்க்கதரிசனம் பலிக்கவும் செய்கிறது. பிள்ளைகள் பொய் சொல்லிச் சட்டத்தை மீறுகிறார்கள், பல இடங்களில் அதற்குப் பாராட்டும் கிடைக்கிறது. நான்காவது படத்தின் கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் எலும்பு, சதை, ரத்தம் மூன்றையும் கொப்பரையில் போட்டு வில்லனுக்கு உடம்பு வரவைக்கிற சடங்கு வருகிறது. எனக்கே குமட்டியது. முதல் மூன்று படத்துக்கும் அமெரிக்காவில் பி.ஜி. என்ற சான்றிதழ், அதாவது பெற்றோர் வழிகாட்ட வேண்டும் என்று; நான்காவதுக்குத்தான் முதன்முதலில் பி.ஜி.-13, அதாவது 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சில காட்சிகள் ஒத்துவராமல் போகலாம் என்று கொடுத்தார்கள். சான்றிதழைப் பார்த்திருந்தாலே, 12 வயதுப் பிள்ளை இந்த இடத்தில் தனியாக இருக்கக் கூடாது என்று தெரிந்திருக்கும். ஒரே தொடராக இருந்தாலும் ஒரே வயதுக்கு எடுத்தது இல்லை. பிள்ளைகள் வளர வளரப் படமும் இருண்டுகொண்டே போகிறது.

எதிர்ப் பக்கமும் நிறைந்தது. தாய் தன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அன்பு பிள்ளையின் தோலிலேயே இருக்கிறது, தீயவன் தொட்டால் அவன் கைதான் வேகிறது. முதல் படத்தில் அந்த இடத்தில் நான் அழுதேன். உபாகமம் 18-ல் விலக்கியிருக்கிறவற்றில் குறிசொல்வது பாடமாக இருக்கிறது, ஆனால் செத்தவர்களிடம் குறிகேட்பது, ஆவியை அழைப்பது இரண்டும் இந்தப் பள்ளிக்கூடத்தில் பாடமாக இல்லை. அங்கே மந்திரம் பிறவியிலேயே வருகிற ஒரு திறமை. இந்த வித்தியாசம் போதாது என்று நினைக்கிற விசுவாசிகள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த உபாகமம் பட்டியலை வாசிக்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. அதில் 'நாள்பார்க்கிறவனும்' என்று இருக்கிறது. நாங்கள் இந்த வீட்டுக்கு மேல்மாடி எடுத்தபோது, காலண்டரில் ராகுகாலம் பார்த்துவிட்டுத்தான் கொத்தனாருக்கு நேரம் சொன்னேன். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு அப்படித்தான் பார்க்கிறார்கள். பிள்ளை கையில் இருந்த கதைக்கு நெருப்பு வைத்தேன், சுவரில் தொங்கிய காலண்டர் என் கண்ணில் படவில்லை.

அப்புறம் மகனோடு சேர்ந்து பார்த்தோம். முதலில் மாட்டேன் என்றான். நான் கேள்வி கேட்கப் போகிறேன், நீதான் எனக்குச் சொல்லித்தர வேண்டும் என்றதும் வந்தான். காட்பாதர் என்றால் நம்முடைய ஞானத்தகப்பன்தான் அம்மா என்று விளக்கினான். ஏழாவது படத்தில் கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி, பனியில், ஹாரி தன் அப்பா அம்மா கல்லறையைத் தேடிப் போகிற காட்சி. கோயிலுக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்கிறது. மகன் அங்கே நிறுத்தினான். "புக்குல இந்தக் கல்லறையில ஒரு வசனம் இருக்கும்மா. கடைசிச் சத்துரு மரணம். ஒண்ணு கொரிந்தியர் பதினைஞ்சு இருபத்தாறு. நான் போட்டிக்குப் படிச்சதுதான். பக்கத்துல பென்சில்ல வசனம் எழுதி வச்சிருந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அது எரிஞ்சுபோச்சு" என்றான். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்று நம் பைபிளில் இருப்பதை அவனுக்கு வாசித்துக் காட்டலாம் என்று எடுத்தேன், எழுத்துத் தெரியவில்லை. அவன்தான் வாங்கி வாசித்தான். நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "இதுல உனக்கு என்னய்யா பிடிக்குது?" என்று கேட்டிருந்தால், மே மாதமே இதைச் சொல்லியிருப்பான்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் அடுத்த தப்பையும் செய்தேன். கிறிஸ்தவப் படம் என்று சொல்கிறார்களே என்று நார்னியா முதல் படத்தை எடுத்து, பார்க்காமலே இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்தேன். 2005-ல் வந்தது. சி.எஸ். லூயிஸ் 1950-ல் எழுதிய கதை. நாத்திகராக இருந்து 1931-ல் கிறிஸ்துவிடம் திரும்பியவர். துரோகம் செய்த பையனுக்குப் பதிலாகச் சிங்கம் கல்மேடையில் பலியாகி உயிர்த்தெழுகிறது. ஆண்டவர் அப்படி ஒரு உலகத்துக்குப் போயிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து எழுதியதாக லூயிஸே சொல்லியிருக்கிறார். எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் சூனியக்காரி கூட்டம் சிங்கத்தைக் கட்டி, பிடரியைச் சிரைத்து, கத்தியை ஓங்கும்போது, ஆறு வயதுகூட முடியாத மகள் அலறிக்கொண்டு எழுந்தோடினாள். அன்று ராத்திரி அவளும் என் பக்கத்தில் வந்து படுத்தாள். கிறிஸ்தவப் படம் என்ற பெயர் அவள் வயதுக்கு ஒத்துவருமா என்பதைச் சொல்லவில்லை. மந்திரத்தையே கணக்குப் பார்த்தால் நார்னியாவிலும் மந்திரம், சூனியக்காரி, ஆட்டுக்கால் மனிதன் எல்லாம் உண்டு. மந்திரம் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் இரண்டையும் தள்ள வேண்டும், இல்லை இரண்டையும் எடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அந்த வருஷமே வந்தது. மகனுடைய நண்பன் ஒருவன் தி கோல்டன் காம்பஸ் பற்றிச் சொல்லியிருக்கிறான். 2019 நவம்பரில் அதே கதை டிவி தொடராகவும் வந்துகொண்டிருந்தது. 2007-ல் எடுத்த படத்தைத் தனியாகப் பார்த்தேன். வெள்ளைக் கரடி, பனி, தைரியமான ஒரு சிறுமி. சூனியக்காரிகள் வந்தாலும், ஹாரி பாட்டர் மாதிரி மந்திர வகுப்பு எதுவும் இல்லை. எனக்கு வந்த செய்திகளில் இதன் பெயரே இருந்ததில்லை. ஆனால் பிலிப் புல்மன் எழுதிய மூலக்கதையில் வில்லனே திருச்சபைதான். மூன்றாவது புத்தகத்தில், கடவுள் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கிழவர் கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே வந்து காற்றில் கரைந்துபோகிறார். படத்தில் சபை என்ற வார்த்தையைத் தவிர்த்து, மேஜிஸ்டீரியம் என்று மட்டும் சொல்லி மழுப்பிவிட்டார்கள். அப்படியும் அமெரிக்காவில் கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு, படத்தைப் பார்க்காதீர்கள், பார்த்த பிள்ளை புத்தகத்தைத் தேடும் என்று பிரசாரம் செய்தது. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. இன்னொரு பக்கம், அப்போது இங்கிலாந்துத் திருச்சபையின் மூத்த பேராயராக, அதாவது கேன்டர்பரி பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ், 2004-லேயே புல்மனோடு மேடையில் உட்கார்ந்து பேசி, இந்தக் கதைகளை மத வகுப்பில் வைத்துப் படிக்கலாம் என்றார். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் நடுவில் முடிவெடுத்தோம். மகனிடம் மறைக்காமல் சொன்னேன்: இந்தக் கதை நம் விசுவாசத்தைக் கேள்வி கேட்கிறது, உனக்குப் பதினைந்து வயதானதும் நான் ஒரு பிரதி, நீ ஒரு பிரதி என்று சேர்ந்து படிப்போம். சரி என்றான். வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் தெரிந்ததால் இந்தத் தடவை முறுக்கவில்லை.

கிறிஸ்மஸ் வருவதற்குள் லைட்டை அணைத்துத் தூங்க ஆரம்பித்தான். ஆனால் கதைப் புத்தகம் படிப்பதை விட்டுவிட்டான். அது இன்றுவரை திரும்பவில்லை. 2021-ல் அத்தான் லீவில் வந்தபோது அதே ஏழு புத்தக செட்டைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். "தேங்க்ஸ்ப்பா" என்று வாங்கி அலமாரியில் வைத்தான். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. தூசி தட்டும்போதெல்லாம் அதைத் தூக்கித் துடைத்து வைப்பேன்.

இப்போது அவன் காலேஜ் முதல் வருஷம், ஹாஸ்டலில் இருக்கிறான். மகளுக்கு 11 வயது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், அந்தப் பெட்டியைப் பிரிக்கட்டுமா என்று கேட்டாள். அது அண்ணன் பொருள், அவனிடம் கேள் என்றேன். போன் போட்டாள். நான் சமையலறையில் மீன் கழுவியபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. "பிரிச்சுக்கோ. நாலாவது புக்கை மட்டும் அம்மாகூட உட்கார்ந்து படி."